மூன்று மூட்டை உயரம்

களுதாவளை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி அக்ரமுக்கு,

அக்கா யசோதினி எழுதுகிறேன். சலாம். அங்கே வெயில் ஆளைச் சுடுகிறது என்று உங்கட மனிசி நஸீபா சொன்னா. இஞ்சயும் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வளவுக்குள் காயப்போட்ட உடுப்பெல்லாம் அடுத்த வளவு வேலியில் கிடக்கிறது. நீங்க சுகமாக இருக்கவேண்டும் என்று உங்கட ஆண்டவனிடமும் எங்கட மண்டூர் முருகனிடமும் ஒரேயடியாகக் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

கையில் போன் இருக்க ஏன் கடுதாசி என்று சிரிப்பீங்க. உங்களோடு ஒரு விஷயம் கதைக்க இந்த வீட்டில் இடமில்லை தம்பி. உங்கட ரூபன் அண்ணன், அதுதான் எங்கட மனிசன், மாசி மாதம் கால் முறிந்ததிலிருந்து முன் விறாந்தைக் கதிரையில்தான் குடியிருக்கிறார். கால்தான் முறிந்தது, காது இரண்டும் முந்தியதைவிடக் கூராகிவிட்டது. உங்கட பெயர் விழுந்தாலே, ஆர் அக்ரமா, இஞ்ச தா என்று போனைப் பறித்துவிடுவார். அதனால் எழுதி உங்கட சாச்சாவின் மகன் றிப்ஷான் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் நஸீபாவிடம் சேர்ப்பார். அடுத்த கிழமை டோஹா வருகிற ஏறாவூர் ஆளிடம் நஸீபா தான் கிண்டின தொதல் இனிப்போடு சேர்த்து அனுப்புவா. தொதலில் கை வைக்கமுதல் இதை வாசியுங்க.

முதலில் உங்களை ஏசவேண்டும். ஆஸ்பத்திரியால் வந்த மறுநாளே இவருக்கு அந்த அட்வெஞ்சர் பைக் வீடியோக்களை அனுப்பத் தொடங்கினது நீங்கதான். இரண்டு பேரும் டெலிபோன் கோபுரம் ஏறித் திருத்துகிற வேலையில் ஒன்றாகத் திரிந்த காலத்திலேயே, ஒருநாள் நல்ல பைக் எடுத்து இலங்கையைச் சுற்றி வரவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் என்று எனக்குத் தெரியும். திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், காலி என்று என் அடுப்படியில் இருந்து எத்தனை தரம் றூட் போட்டிருப்பீங்க, நான் எத்தனை தேத்தண்ணி ஊற்றியிருப்பேன். ஆனால் காலுக்குள் இரும்புத் தகடு வைத்துத் தைத்த மனிசனுக்கு அதை ஞாபகப்படுத்துகிற நேரமா அது? அப்போது நீங்க பக்கத்தில் இருந்திருந்தால் அகப்பைக் காம்பால் வாங்கியிருப்பீங்க.

விழுந்த கதையும் உங்களுக்குச் சரியாகத் தெரியாது. மாடு குறுக்கே வந்தது என்று சொல்லியிருப்பார். மாடும் இல்லை, ஆடும் இல்லை. படுவான்கரையில் வேலை முடித்துப் பொழுதுபட வரும்போது, றோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் சில்லு வழுக்கி விழுந்தார். அது எங்கட அண்ணன் கோணாமலையின் நெல். மச்சானை ஊர் ஏசக்கூடாது என்று இவர் ஒரு மாட்டைக் கண்டுபிடித்தார். நீங்களும் தெரியாத மாதிரியே இருங்க. அண்ணன் பாவம், கிழமைக்கொரு தரம் நண்டும் இறாலும் கொண்டுவந்து படலையில் தொங்கவிட்டுவிட்டு முகம் காட்டாமல் போய்விடுவார். அந்த நெல்லிலும் கொஞ்ச மூட்டையை எங்கட அறைக்குள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

மறுகா அந்த மூட்டைகளுக்குத்தான் வேலை வந்தது. ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கின உடனே இவர் பைக் பார்க்கத் தொடங்கினார். பார்ப்பது என்றால் போனில் பார்ப்பது. இடது கால் இப்போது வலதைவிட ஒரு விரல் அகலம் கட்டை. பைக்கை நிறுத்தும்போது ஊன்றுகிற கால் அது. அதனால் சீட் எவ்வளவு உயரம் என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள் நான் சந்தையால் வர, மகளும் தானுமாக நெல்மூட்டை மூன்றை இழுத்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தலையணை வைத்து, இரண்டு பக்கமும் கால் போட்டுக் குந்தி, தும்புத்தடியை ஹேண்டிலாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். ஆர்த்திகா சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என்ன கூத்து இது என்று கேட்டேன். மூன்று மூட்டையும் ஒரு தலையணையும் இந்தியப் பைக்காம், நானூறு சிசி. மூன்று மூட்டையும் இரண்டு தலையணையும் ஜப்பான் பைக்காம், இருநூற்றைம்பது. என்னையும் பின்னால் ஏறச் சொன்னார், பாரம் தெரியவேண்டுமாம். ஏறி இருந்தேன் தம்பி. பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு நல்லாகச் சிரித்தோம். அந்த மூட்டையில் இருந்தே மன்னார் வரைக்கும் போய்வந்தோம்.

வைகாசிக் கடைசியில் டொக்டர், இனி மெல்ல மெல்ல பைக் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். அதுக்குப் பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. நானூறு பாரமாம். ஜப்பான்காரன் உயரமாம். உயரம் சரியான ஒன்று வந்தால் டாங்க் சின்னனாம், வில்பத்துப் பக்கம் பெட்ரோல் முடிந்தால் என்ன செய்வதாம். டாங்க் பெரிய ஒன்று வந்தால் அதுக்குச் சாமான் கிடைக்காதாம். ஒருநாள் எல்லாம் பொருந்தின ஒன்றும் வந்தது. பின்னேரம் முழுக்க அதையே பார்த்துவிட்டு, நிறம் சரியில்லை என்று சொன்னார். பச்சை தனக்கு ஒத்துவராதாம். கலியாணம் கட்டினதிலிருந்து இந்த மனிசன் எனக்குச் சீலை எடுக்கும்போதுகூட நிறம் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கினது. பைக்கில் குறை இல்லை. இவருக்குப் பயம்.

ஆனி மாதம் றிப்ஷான் அந்த இருநூற்றைம்பதில் விலைக்கு வந்த ஒன்றை ஏறாவூரிலிருந்து ஓடிக்கொண்டே வந்து காட்டினார். இவர் சுற்றிச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், செயினை இழுத்துப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு என்ஜின் சத்தம் கேட்டார். ஏறி இருந்து பாருங்க அண்ணன் என்று றிப்ஷான் சொன்னதும், இன்றைக்குக் கால் கொஞ்சம் குத்துது தம்பி என்றார். அன்று காலைதான் ஏணி வைத்து ஏறி முருங்கைக்காய் பறித்தவர். றிப்ஷான் நல்ல பிள்ளை, அப்படியென்றால் கொஞ்ச நாள் இஞ்சயே நிற்கட்டும், ஆறுதலாகப் பாருங்க என்று விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். பைக் முற்றத்து வேம்புக்குக் கீழே நின்றது. இவர் ஒவ்வொரு நாளும் அதைத் துடைப்பார். துடைத்துவிட்டுக் கதிரைக்கே கிறுகி வந்துவிடுவார்.

நான்தான் பைக் வேண்டாம் என்று குறுக்கே நிற்கிறேன் என்று நீங்க நினைத்திருப்பீங்க. ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. எனக்கும் பயம்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைப் பார்த்தவள் நான். ஆனால் அவ்வளவு உயரக் கோபுரத்தில் காற்றுக்குள் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடின மனிசன், றோட்டில் பைக் சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பைக் எடுக்காவிட்டால் எடுக்காமல் போகட்டும். பயந்து விட்டுவிட்டு, பயம் என்று சொல்லவும் வெட்கப்பட்டு, மிச்சக் காலமெல்லாம் அந்தக் கதிரையில் இருந்து பைக்குக்குக் குறை சொல்லிக்கொண்டு இருக்கக்கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

போன ஞாயிறு, நீங்க ஓடாவிட்டால் நான் ஓடுகிறேன், பழக்குங்க என்று சொன்னேன். பகிடி என்று நினைத்தார். நான் ஸ்கூட்டி ஓடுகிறவள்தானே, கியர் மட்டும் பழகினால் காணும், நான் முன்னுக்கு, நீங்க பின்னுக்கு, அக்ரம் தம்பி வந்தால் அவர் தன்ர பாட்டில் வரட்டும் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். மகளின் டெனிமை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகப் பைக்கை வாவிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இந்த வெயிலுக்கு வாவி உள்ளே வாங்கி, கரையோரம் புல்லும் சேறுமாக நீளத்துக்கு வெறும் தரை கிடக்கிறது. லைசன் இருக்கா என்று கேளாதீங்க. அங்கே மேய்கிற எருமைகளைத் தவிர வேறு பொலிஸ் இல்லை.

எனக்கு அந்தக் கிளட்ச் விளங்கவேயில்லை. விட்டால் துள்ளுகிறது, பிடித்தால் நிற்கிறது. இவர் நிழலில் நின்று, மெல்ல விடு, மெல்ல விடு என்று கத்தினார். மெல்லத்தான் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பைக் ஒரு குதி குதித்து என்னையும் கொண்டு சரிந்தது. சேறு என்றபடியால் பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்கையில் தோல் போனது. நான் கிடந்தபடி தலையைத் தூக்கிப் பார்க்க, இவர் ஓடி வருகிறார். நடந்து இல்லை தம்பி, ஓடி. விழுந்ததிலிருந்து அந்தக் காலில் ஓடாத மனிசன்.

வந்து முதலில் என் கையைக் காலை அசைக்கச் சொன்னார். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த உடனே வந்ததே கோபம். கிளட்சைக் கொல்லுகிறாய், அந்தப் பிள்ளை நம்பி விட்டுவிட்டுப் போன பைக், உனக்கு இது சரிவராது, எழும்பு என்று ஏசினார். அவர் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின் கரியரைப் பிடிக்க, ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டோம். ஹேண்டில் வளைந்துவிட்டதோ என்று பார்க்க ஏறிக் குந்தினார். கிளட்ச் என்றால் இப்படி விடவேண்டும், பார் என்று ஸ்டார்ட் பண்ணினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பைக் தோணிகள் இழுத்துவிட்டிருக்கிற பக்கமாகப் போய், கண்டல் பற்றைக்கு அங்கால மறைந்தது. கொஞ்சத்தில் சத்தமும் நின்றுவிட்டது.

அந்த நேரத்தை எழுத எனக்குத் தெரியாது. முருகா, நானே அனுப்பிவிட்டேனே என்று நின்றேன். மறுகா சத்தம் கேட்டது. வந்தார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. சேற்றுக்குள் எங்கேயோ போய்விட்டது, அவருக்குத் தெரியவும் இல்லை. அந்தக் கட்டையான காலை வெறும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். ஆர்த்திகா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் சிரித்த அதே சிரிப்பு. நான் அழுதுவிட்டேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். முழங்கை எரியுது என்றேன்.

இதைத்தான் எடுக்கிறார். அன்று பின்னேரமே றிப்ஷானுக்குச் சொல்லிவிட்டார். சீட்டை ஒரு தலையணை அளவுக்குப் பதித்துத் தருகிறார்களாம். அப்போ நானூறு என்று கேட்டேன். அது நல்ல பைக்தான், ஆனால் விழுந்தால் ஆர் தூக்குகிறது என்றார். இதை நீயும் நானும் தூக்கினோமே, அக்ரம் டோஹாவில் ஏசிக்குள் இருந்து எவ்வளவு கொழுத்திருந்தாலும் அவனும் நானும் சேர்ந்தால் தூக்கலாம் என்கிறார். புதன்கிழமை அண்ணன் நண்டைத் தொங்கவிட வந்த நேரம் படலையில் வைத்துப் பிடித்து, பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தி வரை போய்வந்தார். அண்ணன் இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொன்னார். கச்சான் காற்றுத்தானே, நாங்களும் ஓம் என்றோம்.

இனி நான் எழுத வந்த விஷயம். நேற்று நஸீபா உங்கட சின்னவள் ஸாலிஹாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நீங்க நோன்புப் பெருநாளைக்கு வருவதாக இருந்து, மறுகா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்று சொல்லி, இப்போது வருஷக் கடைசி என்று சொல்லியிருக்கிறீங்களாம். முதல் தரம் கொம்பனி விடவில்லை. அடுத்த தரம் டிக்கெட் விலை. இப்போது புது மனேஜர். நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நஸீபா இன்னொன்றும் சொன்னா. போன தரம் நீங்க வந்தபோது சின்னவள் உங்களுக்குக் கிட்டவே வரவில்லையாம். தூக்கினால் கத்தினாளாம். வாப்பா போனுக்குள் இருக்கிறார், இது வேற ஆள் என்று உங்களுக்கு முன்னாலேயே சொன்னாளாம். லீவு முடியமுதல் நீங்க கிறுகிப் போனீங்களாம்.

கோபிக்காதீங்க தம்பி. நான் வைகாசியிலிருந்து ஒரு பயந்த மனிசனுக்குப் பக்கத்தில் இருந்து, பைக்குகளின் குறை கேட்டவள். நஸீபா உங்கட காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு இவருடைய குரல்தான் கேட்டது.

நேற்று இவர் ஸாலிஹாவை முன்னால் டாங்கில் இருத்தி முற்றத்தைச் சுற்றினார். இறங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இறக்கினதும் என்னிடம் வந்து, வாப்பா வந்தால் அவரும் இதில் ஏறுவாரா என்று கேட்டாள். ஏறுவார், உன்னையும் ஏற்றுவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேளாமல்தான் சொன்னேன்.

மண்டூர்க் கொடியேற்றத்துக்கு இவரைக் கூட்டிவருவதாக நேர்ந்திருக்கிறேன். அதுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய்வருவோம். அதுக்கு அங்கால, இலங்கையைச் சுற்றுகிற பயணத்துக்கு, நீங்க வராமல் இவர் அசையமாட்டார். வாங்க தம்பி. முதல் கிழமை அவள் அழுவாள், உம்மாவின் முந்தானைக்குள் ஒளிப்பாள், நீங்க வேற ஆள் என்று திரும்பவும் சொல்லுவாள். சொல்லட்டும். நீங்க போகாமல் நில்லுங்க. நாங்கள் எல்லாரும் பக்கத்தில்தான் நிற்போம்.

டிக்கெட் போட்ட உடனே இவருக்குச் சொல்லமுதல் எனக்குச் சொல்லுங்க. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தவள் நான். ஆண்டவன் உங்களைச் சுகத்தோடு கொண்டுவந்து அவளுக்கு முன்னால் நிறுத்தட்டும்.

உங்கட பாதையைப் பார்த்திருக்கும்
அக்கா,
யசோதினி உதயரூபன்