மாப்பிள்ளைக்கும் ஒரு ஹெல்மெட்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டரைக்குத் தம்பி வந்தான். கடை வாசலிலேயே நின்று தேநீரைக் குடித்தான், கிளம்பிவிட்டான். ஹெல்மெட் தலையில் இருந்தது. வார் இரண்டு பக்கமும் தொங்கியது. என் தையல் மெஷினுக்கு எதிரே இருக்கும் ஜன்னலிலிருந்து தெருமுனை வரைக்கும் தெரியும். தினமும் போல இன்றும் பார்த்தேன். வார் காற்றில் ஆடிக்கொண்டே போனது.

“கொக்கியை மாட்டுடா” என்றால் “தாடை அரிக்குதுக்கா” என்கிறான். முப்பத்தொரு வயது. ஒரு நாளைக்கு நாற்பது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். தாடை அரிக்கிறதாம்!

கொக்கி மாட்டாத ஹெல்மெட்டும் தலையில் கவிழ்த்த சட்டியும் ஒன்றுதான். விழும்போது அது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். நர்ஸக்கா இதை மாதம் இரண்டு தடவை மைக்கில் சொல்கிறார். ஊரே கேட்டுத் தலையாட்டுகிறது. நான் அவருடைய முதலுதவிக் குழுவில் சேர்ந்ததே இவன் ஒருத்தனுக்காகத்தான். இவன் காதில் மட்டும் ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. ஓரமாக எங்கள் கூடாரம். பைக் பாதுகாப்பு, முதலுதவி, இலவச விளக்கம். எங்கள் குழு என்றால் மொத்தம் மூன்றரைப் பேர். நர்ஸக்கா பேசுவார். ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவரண்ணன் செய்து காட்டுவார். நான் அடிபட்டவளாக ஹெல்மெட் போட்டுக்கொண்டு தரையில் கிடப்பேன். மீதி அரை ஆள், நெஞ்சை அமுக்கிப் பழக வைத்திருக்கும் பொம்மை. இடுப்புக்கு மேலே மட்டும்தான் உண்டு. பெயர் மாப்பிள்ளை. எல்லாரும் சுற்றி நின்று கவனிக்க, ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பதால் டிரைவரண்ணன் வைத்த பெயர். என் வீட்டுக்காரர் காதில் இது விழுந்ததிலிருந்து கூடாரப் பக்கமே வருவதில்லை.

இன்றும் என் மானம் போனது. ஹெல்மெட்டோடு விழுந்தவர் கழுத்தை அசைக்கக் கூடாது, ஹெல்மெட்டை யாரும் பிடுங்கக் கூடாது என்று நர்ஸக்கா விளக்கிக்கொண்டிருக்கிறார். டிரைவரண்ணன் பக்கவாட்டிலிருந்து வந்து, “அம்மா, கேக்குதா?” என்றார். நான் டக்கென்று அவர் பக்கம் திரும்பி, “கேக்குதுண்ணே” என்றேன். கூட்டம் சிரித்தது.

“கழுத்து முறிஞ்சவ நீ. இப்படியா திரும்புவ?” என்றார் நர்ஸக்கா.

“பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா எவளா இருந்தாலும் திரும்புவாக்கா. படுத்துப் பாருங்க, தெரியும்.”

“செத்தவளுக்கு வாயப் பாரு.”

சிரிக்கட்டும். ஆனால் நான் சொன்னது சரிதான். இரண்டு வருஷமாகத் தரையில் கிடக்கிறேன். படுத்திருக்கிறவளுக்கு வானமும் நாலு பேர் மூக்குத்துவாரமும்தான் தெரியும். குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே தலை தானாகப் போகும். எதிரே வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் பேசினால் ஏன் திரும்பப் போகிறோம்?

போன வருஷம் ஒரே ஒரு தடவை, அடிபட்டவர் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலைக்கு என்னை விட்டார்கள். கை நடுங்கிய நடுக்கத்தில் படுத்திருந்த ஆளுக்குக் கிச்சுக்கிச்சு ஆகிவிட்டது. அன்றோடு சரி. நிரந்தர நோயாளி ஆகிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஒரு யோசனை. தாடை அரிக்கிறது என்றால் வாருக்கு ஒரு உறை தைத்தால் என்ன? மெத்தென்ற பருத்தித் துணி, சாம்பல் நிறம். பத்து நிமிஷ வேலை. அவசரத்தில் அடிப்பக்கத் தையல் கோணலாகப் போய்விட்டது. பிரிக்கவில்லை. அவன் தாடைக்கு அது போதும்.

மார்ச் 14, வெள்ளி

உறையைக் கொடுத்தேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். “என்னக்கா இது, கொழந்தைக்கு எச்சித்துணி கட்டின மாதிரி? ஆபீஸ்ல பாத்தா ஓட்டியே சாவடிச்சிடுவானுங்க.”

“ஓட்டினா சாக மாட்டே. கொக்கி போடலேன்னாதான்…” நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சிரித்துவிட்டு, உறையை வாரில் செருகிக்கொண்டான். கொக்கியை மாட்டவில்லை. இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், உறை போட்ட வார் ஆடுகிறது. முன்னேற்றம்தான்!

மார்ச் 20, வியாழன்

சங்கீத வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. அதற்கு ஒரு கோட்டு. மனுஷனுக்கு நெஞ்சு அகலம். தொங்கவிட்டுப் பார்த்தால் அளவு பிடிபடவில்லை. மூலையில் மாப்பிள்ளை சும்மா சாய்ந்திருந்தான் (சாமான்கள் எல்லாம் என் கடையில்தான் இருக்கும்). மாட்டிவிட்டேன். அப்படிப் பொருந்துகிறது! வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு சட்டை தைக்க மூணு மாசம். உன் மாப்பிள்ளைக்குக் கோட்டு” என்றார்.

பட்டன் மட்டும் பாக்கி.

மார்ச் 23, ஞாயிறு. ஆஸ்பத்திரி வராண்டா, மாலை ஐந்து

எழுதினால் கை ஆட்டம் நிற்கும் என்று எழுதுகிறேன். நிற்கவில்லை.

தப்பு என்னோடதுதான். சமூகக் கூடத்தில் குடும்ப நாள் விழா. காலை பத்துக்குக் கூடாரம் போட்டாச்சு, பாய் விரிச்சாச்சு. மாப்பிள்ளையைக் காணோம். கோட்டோடு கடை மூலையில் நிற்கிறான், எடுத்து வைக்க மறந்துவிட்டேன். நர்ஸக்கா ஒரு பார்வை பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டேன். கடைச் சாவி ஒன்று அவனிடம் உண்டு.

“சீக்கிரம் கொண்டாடா. பின்னாடி வெச்சுக் கட்டிக்கோ. தலை லொடலொடன்னு ஆடும், பக்கத்துல ஹெல்மெட் இருக்கு பாரு, அத மாட்டிக் கொக்கி போட்டுடு. இல்லேன்னா வழியில உருண்டுடும்.”

பொம்மைக்குக் கொக்கி போடச் சொன்னேன். நீயும் போட்டுக்கோன்னு சொல்லவே இல்லை. தினம் சொல்றவ, இன்னிக்குச் சொல்லல. சீக்கிரம் வான்னுதான் சொன்னேன்.

கூடத்தின் திருப்பத்தில் அவன் வருவது எனக்கே தெரிந்தது. பின்னால் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். சிரிப்புக்கூட வந்தது. நின்றிருந்த காரின் கதவு திறந்தது. வண்டி வளைந்தது, சாய்ந்தது.

சத்தம் அப்புறம்தான் கேட்டது.

ஓடினேன். கூட்டமும் ஓடியது. எங்கே என்று பார்க்கவில்லை. தம்பி சுவர் ஓரமாக மல்லாந்து கிடந்தான். கத்திக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்திலிருந்து. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பான். நான் திரும்புவேனே!

வாயை மூடிக்கொண்டு சுற்றிப் போனேன். நாலு எட்டுதான். அவன் காலடிப் பக்கம் வந்து, குனிந்து, அவன் கண்ணுக்கு நேரே முகத்தைக் காட்டினேன்.

“அசையாதே. நான்தான். தலையைத் திருப்பாதே.”

“அக்கா…”

“பேசலாம். அசையக் கூடாது.”

தலைமாட்டுக்குப் போய் மண்டியிட்டு, முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். யாரோ, “ஹெல்மெட்ட கழட்டும்மா, மூச்சு முட்டும்” என்று கையை நீட்டினார். “கை வெச்சா கடிச்சிடுவேன்” என்றேன். நிஜமாகவே கடித்திருப்பேன். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கச் சொன்னேன். மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் விரல் தாடைக்கடியில் பட்டது. துணி. மெத்தென்று. இறுக்கமாக. அடிப்பக்கம் கோணல் தையல்.

போட்டிருக்கிறான்.

அழுகை வந்தது. அழுதால் கை ஆடும் என்று அழவில்லை. நர்ஸக்கா வந்து கழுத்துப்பட்டை போடும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஆடவே இல்லை என்று அவர் சொல்கிறார். இப்போதுதான் இந்த ஆட்டம் ஆடுகிறது.

ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மார்ச் 23, ஆறரை மணி

கழுத்துக்கு ஒன்றுமில்லை. தலைக்கு ஒன்றுமில்லை. தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்திருக்கிறது. ஒன்றே ஒன்று.

அப்பாடா. அழுதாச்சு.

மார்ச் 25, செவ்வாய்

ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். இடது பக்கம், காதுக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்குத் தேய்ந்து உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. அதை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன். இனி அதைப் போடக் கூடாது, ஒரு அடி வாங்கிய ஹெல்மெட் அவ்வளவுதான். தெரியும். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்றுதான் முழுக்கதையும் தெரிந்தது. டிரைவரண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நானும் தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குக் கூட்டம் ஓடியது தம்பியிடம் இல்லையாம். நடுரோட்டில் கோட்டுப் போட்டுக் கிடந்த மாப்பிள்ளையிடம்! “ஐயோ, இடுப்புக்குக் கீழ காணோமே” என்று ஒரு அம்மா அலறியிருக்கிறார். ஒருவர் காலைத் தேடிக் காருக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். இன்னொருவர், வாட்டசாட்டமான ஆள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். ஹெல்மெட்டோடு தலையும் கையில் வந்துவிட்டது. அவர் அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார்.

“அன்னிக்கு நான் முதலுதவி பண்ணினது அவருக்குத்தான்” என்றார் டிரைவரண்ணன். “கால தூக்கி வெச்சு, கண்ணு முழிச்சதும் அவர் கேட்ட மொத கேள்வி, ‘அந்தக் கோட்டுக்காரர் பொழைச்சிட்டாரா?’”

தம்பி சிரித்தான். தோள் வலித்தது. “ஐயோ, சிரிக்க வெக்காதீங்கண்ணே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அண்ணன் போன பிறகு கேட்டேன். நாலு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி. “அன்னிக்கு ஏன்டா கொக்கி போட்டே? நான் சொல்லக்கூட இல்லையே.”

ஜன்னல் பக்கம் பார்த்தான். “நீ சொன்னேன்னு அந்தப் பொம்மைக்குப் போட்டேன். அது கோட்டு, ஹெல்மெட்டு, கொக்கின்னு டிப்டாப்பா உக்காந்திருக்கு. வண்டிக் கண்ணாடியில பாத்தா, முன்னாடி நான் வார தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கேன். கேவலமா இருந்துச்சுக்கா. உசிரே இல்லாதது ஒழுங்கா இருக்கு…”

ஆறு வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் பொம்மையைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறான். நன்றாக இருடா மாப்பிள்ளை.

“உறை அரிக்கலியா?” என்று மட்டும் கேட்டேன்.

“அரிக்கல” என்றான்.

ஏப்ரல் 2, புதன்

சங்கீத வாத்தியாரிடம் உண்மையைச் சொன்னேன். கோட்டைப் பிரித்து, முழங்கைக் கிழிசலைப் பார்த்து, “என் கோட்டுக்கு விபத்தா?” என்றார். கச்சேரிக்குப் பழைய சட்டையில் போனாராம், பாட்டு நன்றாக அமைந்ததாம். புதுத் துணியில் தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், தையல் போட்டுக் கொடுத்தால் போதுமாம். போகிற இடத்திலெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

மே 11, ஞாயிறு

அதே சமூகக் கூடம், புத்தகக் கண்காட்சி. நர்ஸக்கா என்னைக் கூப்பிட்டார். பாயை விரித்துப் படுக்கப் போனேன். “நீ ஏன் படுக்கிற? தலைமாட்டுக்குப் போ” என்றார்.

பாயில் படுத்தது தம்பி. தானாக வந்தான், யாரும் கூப்பிடவில்லை. முனகல் ஒன்று முனகினான் பாருங்கள், இரண்டு வருஷத்தில் எனக்கு அப்படி வந்ததில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா உண்மையாகவே கண்ணைத் துடைத்தார். பக்கத்தில் புதுத் தலையோடு மாப்பிள்ளை பொறாமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவரண்ணன் இப்போது பக்கத்திலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றி வந்து, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேசுகிறார். கூட்டத்துக்கும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். “இது யார் கண்டுபிடிச்சதுன்னா…” என்று நர்ஸக்கா மைக்கில் ஆரம்பித்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். “எங்க பழைய நோயாளி” என்று முடித்துக்கொண்டார்.

மே 26, திங்கள்

தம்பி இன்றிலிருந்து வேலைக்குப் போகிறான். புது ஹெல்மெட். போன வாரம் ஆபீஸில் எட்டிப்பார்த்தபோது உறையை யாரும் ஓட்டவில்லையாம். பதினாலு பேர் உறை கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் காலையிலிருந்து தைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை கோணல் இல்லாமல். “எனக்கு மட்டும் அதே பழசு போதும்” என்று அவனுடையதை எடுத்துக்கொண்டான்.

எட்டரைக்குத் தேநீரைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போனான். டக் என்று கொக்கி விழும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பியது.

ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.