குங்குமம் வைக்காமல் கொடுத்த சேலை

எறையூர்,
18.8.2004

அன்புள்ள மகன் அன்பழகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் பரிமளாவும் பேரனும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, சொன்னாலும் கேட்காமல் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுகிறார். உன் தங்கை அனிதா இங்கேதான் இருக்கிறாள், எட்டாம் மாதம், கால் வீங்குகிறது, அரியலூர் டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அவள் கேட்டால்தானே.

நீ சொன்னபடி போன வெள்ளிக்கிழமை ஆண்டிமடம் பக்கத்தில் இருக்கும் அந்த விடுதிக்குப் போய் வந்தேன். உன் ஆபீஸ்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்களே, அதில் நீ படிக்க வைக்கும் இலக்கியாவை நேரில் பார்த்து எழுதச் சொல்லியிருந்தாய். பார்த்துவிட்டேன், எழுதத்தான் மனசு வராமல் நாலைந்து நாள் தள்ளிப்போட்டேன். வெறும் கையோடு போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு சுடிதாரும் அவள் அம்மா கலியம்மாளுக்கு ஒரு சேலையும் எடுத்திருந்தேன். புருஷன் இல்லாதவள் மனசு நோகக் கூடாதே என்று சாம்பல் நிறத்தில் கரையில்லாத சேலையாகப் பார்த்து எடுத்து, மஞ்சள், குங்குமம், பூ எதுவும் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். இருபது வருஷம் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இது தெரியாதா என்ற நினைப்பு எனக்கு.

விடுதியில் நாற்பது பிள்ளைகள். சோறு நன்றாகப் போடுகிறார்கள், நானே அடுப்படி வரை போய்ப் பார்த்தேன். இலக்கியா ஒன்பதாவது படிக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. கலியம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். சேலையை நீட்டினேன், அவள் தலையைக் குனிந்தபடி இரண்டு கையாலும் வாங்கினாள். பக்கத்தில் நின்ற பிள்ளை அதைப் பிடுங்கி என்னிடமே திருப்பித் தந்துவிட்டது. “எங்கப்பா உசுரோட இருக்காரு. வூட்டுல படுத்திருக்காரு. எங்கம்மாவுக்கு இதக் குடுக்காதீங்க” என்றது. அப்புறம்தான் கலியம்மாளின் நெற்றியைச் சரியாகப் பார்த்தேன், ஸ்டிக்கர் பொட்டை எடுத்த தடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. தாலியை ரவிக்கைக்குள் மறைத்திருந்தாள். ஆடி வெள்ளிக்கிழமை ஒரு சுமங்கலிக்கு இப்படிச் சேலை கொடுத்தேனே என்று அதைச் சட்டென்று பைக்குள் திணித்துக்கொண்டேன்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ராசாங்கம் என்னைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். இலக்கியாவின் அப்பா பெரியசாமி சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றியவர். நாலு வருஷம் முன்பு கல் சரிந்து இடுப்பில் விழுந்ததில் எழுந்திருக்கவே முடியாமல் போய்விட்டது. ராசாங்கம் முதலில் உள்ளபடிதான் எழுதி அனுப்பியிருக்கிறார், தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று உங்கள் சங்கத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுபடி அனுப்பும்போது இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார். அங்கேயிருந்து யார் வந்தாலும் கலியம்மாள் பொட்டை எடுத்துவிட்டு வந்து நிற்பாளாம். கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அப்படியே திரும்பிவிட மனசில்லாமல் அவர்களோடு முந்திரிக்காட்டு வழியாக வீட்டுக்குப் போனேன். பெரியசாமிக்கு உன் வயதுதான் இருக்கும். கட்டிலில் கிடந்தபடியே கும்பிட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “புள்ள படிச்சாப் போதும்மா. அந்த ஊருக் காயிதத்துல நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்” என்றார். கிளம்பும்போது கலியம்மாள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு எனக்குக் குங்குமம் கொடுத்தாள், அதை வாங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலையை நானே எடுத்து வந்துவிட்டேன், இந்த ஆவணியிலேயே வேறு சேலை எடுத்துத் தாம்பூலத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தம்பி, உங்கள் சங்கத்தாரிடம் நீயே நேரில் போய் உள்ளதைச் சொல். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் ஒரு மனுஷனைச் சாகடித்துவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைப்பது புண்ணியம் இல்லை. அதற்காகப் பிள்ளையை நிறுத்துவதும் நியாயம் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் பிள்ளைக்கும் இடம் கொடுக்கச் சொல்லி விதியை மாற்றச் சொல். ராசாங்கத்தின் மேல் பழி போட்டுவிடாதே. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இலக்கியாவை நாம் படிக்க வைப்போம், அப்பாவும் சரியென்று சொல்லிவிட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்த இலக்கியா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். உனக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை நன்றிக் கடிதம் எழுதுகிறாளே, இனிமேல் அதில் அப்பாவைப் பற்றியும் எழுதலாமா என்று. எழுது கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குளிர் தொடங்கும் முன்பே பேரனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவிடு. மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இலக்கியாவின் கடிதம் வந்தால் உடனே பதில் போடு, முதல் வரியில் அவள் அப்பா சுகமா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சுந்தராம்பாள்