சம்பந்தி கொண்டுவந்த ரப்பர் கால்

12.8.2006, சனி

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் முதலுதவி வகுப்பு எடுப்பது நான்தான். இன்று மகன் தன் மாமனாரையும் அழைத்து வந்தான். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். ரத்தப்போக்கை நிறுத்த வீரர்களுக்குப் பயிற்சி தரும் ரப்பர் கால் ஒன்றைக் கொண்டுவந்தார். பம்பை அழுத்தினால் சிவப்புத் தண்ணீர் பீறிடுகிறது.

"நீங்க கட்டுங்க, சம்மந்தி" என்றார்.

துணியை எடுத்தேன். வழக்கம்போல, "தோட்டத்துக் குழாய் உடைந்தால்..." என்று உதாரணம் சொல்லத் தொடங்கினேன்.

"சார், நீங்க கதை சொல்லிக்கினு கீறீங்க, அதுக்குள்ள அடிபட்ட ஆளு பூட்டாரு!" என்றார் ஒரு தொழிலாளி.

எல்லோரும் சிரித்தார்கள். மகனும்தான்.

சம்பந்தி அரை நிமிடத்தில் நிறுத்திக் காட்டினார். அடுத்த வகுப்பை அவர்தான் எடுப்பாராம். "நல்லது" என்றேன். பொறாமைதான், வேறென்ன.

இப்போது தலையணையில் துண்டைக் கட்டிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டால் எனக்கும் அரை நிமிடம்தான் ஆகிறது. மகன் தூங்கிவிட்டான்.