அறுபத்து நான்கு எழுத்து

மார்ச் 3, திங்கள்
ஆபீசில் தலைவர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ‘ஃ’ எழுத்தை அடுக்கி ஒரு முக்கோணம். அதற்குள் மூன்று முக்கோணம். ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி மூன்று. முப்பத்திரண்டு வரி. “இதை வரையும் கணினி நிரலை மிகக் குறைந்த எழுத்துகளில் எழுதுபவருக்கு நிரல் குழுவில் ஜன்னலோர நாற்காலி.”

ஒன்பது வருடமாகச் சோதனைப் பிரிவில் உட்கார்ந்து அடுத்தவர் நிரலில் பிழை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த நாற்காலி எனக்குத்தான். எழுதியே வைக்கிறேன்.

இன்று என் நிரல் 141 எழுத்து.

மார்ச் 4
98. சலூனைப் பூட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு வெட்டுவ? இதுக்கு மேல காதுதான்.” தொழில் புத்தி.

மார்ச் 5
முக்கோணம் தன்னைத்தானே கூப்பிட்டு வரைய வேண்டும் என்ற என் பிடிவாதம்தான் எழுத்தையெல்லாம் தின்றிருக்கிறது. விட்டுவிட்டேன். ஓர் எண், அதன் இரட்டிப்பு, இரண்டையும் 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணாக்கி இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, ஒத்துப்போனால் 0, வேறுபட்டால் 1. அதுவே அடுத்த வரி. 0 வரும் இடத்தில் வெற்றிடம், 1 வரும் இடத்தில் ஃ. முக்கோணம் தானாக வந்து விழுகிறது.

64. யாராவது முடிந்தால் முந்தட்டும்.

மார்ச் 7, வெள்ளி
மாப்பிள்ளை 65 கொண்டுவந்தான். (நிரல் குழுப் பையன், கல்யாணமாகி மூன்று மாதம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) இருவருக்கும் ஒரே உத்தி. நான் இரு மேற்கோள் குறியோடு ‘ஃ’ என்று மூன்று எழுத்தாக எழுதிய இடத்தில் அவன் இயந்திரத்தில் அதற்குள்ள எண்ணை, 2947ஐ, போட்டிருக்கிறான். என்னைவிட ஓர் எழுத்து அதிகம். கதை முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் இயந்திரத்தில் எண்ணினார். ஒரு ஃக்கு அது மூன்று பைட், மற்றதற்கெல்லாம் ஒன்று என்று கணக்கு வைக்கிறது. எனக்கு 66, அவனுக்கு அதே 65.

“எழுத்துன்னா பைட்டுதானேம்மா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார் தலைவர்.

“தாள்ல பைட்டுன்னா சார் இருக்கு? எழுத்துன்னு இருக்கு. ஃ எத்தனை எழுத்துன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளையக் கேளுங்க.”

குறிப்பில் உள்ளதுதான் சட்டம் என்று ஒன்பது வருடம் இவர்களோடு மல்லுக்கட்டியவள் நான். எங்கிட்டயேவா? திங்களன்று முடிவு சொல்கிறாராம்.

மார்ச் 10
நான்தான். எழுத்து என்றால் எழுத்துதான் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள், மாப்பிள்ளையும்தான். பிறகு தண்ணீர் பிடிக்கிற இடத்தில், சிரித்துக்கொண்டே சொன்னான்: “கேஸ் போட்டு ஜெயிச்சிட்டீங்கக்கா.”

என்ன பேச்சு இது? நான் என்ன திருடினேனா?

மார்ச் 12
இன்னும் பழைய மேசையில்தான் இருக்கிறேன். முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று தலைவரிடம் சொன்னேன். பொய். ஒரு வேலையும் இல்லை. அவன் சொன்னது குத்திக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 13
பைட் கணக்கிலும் அவனை முந்தப் பார்க்கிறேன். 66. 66. 66. இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 14, வெள்ளி
காலையில் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. 0க்கு இது, 1க்கு அது என்று அடைப்புக்குறி போட்டுப் பட்டியல் எதற்கு? இயந்திரத்துக்கு 0 என்ற குறியின் எண் 48, 1 என்ற குறியின் எண் 49. ஒரு வெற்றிடத்தை 49ஆல் பெருக்கி வரிசையாக நிறுத்தி, வாலில் ஒரே ஒரு ஃ ஒட்டினால் போதும். இயந்திரம் 0விலிருந்து எண்ணும்; 48ஆம் இடத்தில் வெற்றிடம், 49ஆம் இடத்தில் ஃ, அதுவே இடம் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

இயந்திரக் கணக்கில் 62. ஃக்கு மூன்று பைட் கொடுத்த பிறகும்.

நிரலை எழுதிய தாளை மாப்பிள்ளை மேசையில் வைத்தேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான்.

“எங்கக்கா வெட்டினீங்க?” என்று கேட்டவன், நான் வாய் திறப்பதற்குள் தானே கண்டுபிடித்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்து வந்து என் கணினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஜன்னலோரம் மதியத்துக்கு மேல் வெயில் கண்ணைக் கூசுகிறது. தலைவரிடம் திரைச்சீலை ஒன்று கேட்க வேண்டும்.