கெட்டி ஆயில் மட்டும்

கீழ்க்கட்டளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஷ்யாமுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் நலம், கார் நலமில்லை. ராஜ்கோட்டில் நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுவரை உன் அம்மா எனக்கு ஒப்பித்துவிடுகிறாள், ஆனாலும் கடிதம் என்றால் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன், நலமா? என் போனை நீ எடுப்பதில்லை, வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்கப்படாமலே கிடக்கிறது, அதனால் பருப்புப் பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன், பொடிக்காகவாவது பிரிப்பாய். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. கார் எஞ்சினைக் கெடுத்தது நான்தான். பம்மலிலிருந்து காஜா பாய் உனக்குப் போன் செய்து சொல்லியிருப்பார், ஆனால் மெக்கானிக்கான அவருக்கே பாதிதான் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுத் திட்டு, நடுவில் நிறுத்தாதே.

அந்தக் கார்மேல் எனக்குப் பொறாமை. சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள். உன் அப்பாவை நான் பார்த்ததே இல்லை, அவர் போய் நான்கு வருடம் கழித்துத்தான் உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன், இப்போது மூன்று வருடம் ஆகிறது. என்னைவிட எட்டு வயது மூத்தவளைக் கட்டியது பற்றி ஊர் பேசியதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை, முப்பத்துநாலு வயதில் இருபத்தொரு வயதுப் பையனுக்கு அப்பா ஸ்தானம் என்பது மட்டும் எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி விஷயம் வேறு. செகண்ட் ஹேண்டில் அவர் வாங்கிய இருபது வருடத்து வண்டி, இன்ஷூரன்ஸ் இப்போது நான்தான் கட்டுகிறேன், ஞாயிறுதோறும் கழுவுவதும் நான்தான், இன்றைக்கும் நான் தெருவுக்குள் திரும்பினால் எதிர்வீட்டு ஜெயவேலு, சுந்தரராமன் சார் வண்டி வந்துடுச்சு பாருங்க, கேட்டைத் தொறங்க என்று குரல் கொடுக்கிறார். உள்ளே உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கே தெரிவதில்லை. காஜா பாயை எடுத்துக்கொள், உன் அம்மா அவருக்கு அண்ணி, நீ தம்பி, உன் அப்பா இன்னமும் அண்ணா, நான் மட்டும் சார். நீயாவது ஏதாவது கூப்பிடுகிறாயா என்றால் அதுவும் இல்லை, கேளுங்க, சொல்லுங்க, வந்துட்டாங்க என்று பெயரே வராமல் மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாய், அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

பானெட்டைத் திறந்தால் உள்பக்கம் இடது மூலையில் உன் அப்பா ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உனக்கு ஞாபகம் இருக்கும். நீல மையில், கெட்டி ஆயில் 20-50 மட்டும், வேறு ஊற்றாதே என்று எழுதியிருந்தார். மூன்று வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தேன். அந்த ஊற்றாதே இருக்கிறதே, அது எனக்கென்றே எழுதி வைத்ததுபோல எரிச்சலாக இருக்கும். நான் பிரஷர் கேஜ்களைச் சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையில் இருப்பவன், மறைமலை நகர் ஃபேக்டரியில் நான் கையெழுத்துப் போடாமல் ஒரு கேஜும் லைனுக்குப் போகாது, இங்கே ஒரு பேங்க் கிளார்க் எனக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று சொல்லித் தருகிறாரே என்று இருக்கும். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு ஆயில் மாற்றும்போது, இந்தக் காலத்து மெல்லிய சிந்தடிக் ஆயில், இருக்கிறதிலேயே நல்லது, அதை வாங்கி ஊற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். பிளேடை எடுத்து அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். முழுசாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தது, பழைய ஆயிலோடு சேர்த்துக் கொட்டிவிட்டேன். அன்றைக்கு மனசுக்கு ரொம்ப நன்றாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

பத்து நாள் கழித்து உன் அம்மா தாம்பரத்தில் ஸ்கூல் விட்டு வந்து, சிக்னல்ல நின்னா அந்த சிவப்பு கூஜா விளக்கு மினுக்குது, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா போயிடுது, மேல டிக் டிக்னு வேற கேக்குது என்றாள். ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற விளக்கு அது. ஆயில் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியென்றால் சென்சார்தான் என்று முடிவு கட்டி ஐந்து நிமிடத்தில் புதுசு மாட்டினேன், மறுநாளும் மினுக்கியது. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஒரு கேஜை மாட்டி நிஜமாகவே பிரஷர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், என் லேபில் நாற்பது கேஜ் இருக்கிறது, ஒன்றை எடுத்துவந்தால் பத்து நிமிட வேலை. நான் கிளம்பத்தான் இருந்தேன். அப்போது உன் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அவர் இருந்திருந்தா லைட் எரியற வண்டியைத் தெருவுக்கே எடுக்க விட்டிருக்க மாட்டார் என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்தவறி வந்ததுதான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. புது சென்சாரும் டூப்ளிகேட்டா வந்திருக்கும், ஒண்ணும் ஆகாது, தைரியமா ஓட்டு, நான் சொல்றேன் இல்ல என்றேன். அவள் என் பேச்சை நம்பி ஐந்து நாள் ஓட்டினாள். ஷ்யாம், அந்த ஐந்து நாளுக்குத்தான் இந்தக் கடிதம்.

ஆறாவது நாள், வியாழக்கிழமை, சானடோரியம் தாண்டும்போது எஞ்சினுக்கு அடியில் டொக் டொக் என்று சுத்தியால் தட்டுகிற மாதிரி வந்திருக்கிறது. அவளே வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டாள், அது ஒன்றுதான் அன்றைக்கு யாரோ சரியாகச் செய்தது. அணைத்துவிட்டு யாருக்குப் போன் செய்தாள் தெரியுமா, காஜா பாய்க்கு. எனக்கு அரைமணி நேரம் கழித்து, அதுவும் வண்டி காஜா பாய் ஷெட்டுக்குப் போகுது, சாயந்திரம் வர லேட்டாகும், சாதம் மட்டும் வச்சிடுங்க என்று சொல்வதற்கு. எஞ்சின் போனதைவிட அதுதான் எனக்கு உறைத்தது. லேபில் சொல்லிக்கொள்ளாமல் ஒரு கேஜைத் தூக்கிக்கொண்டு நேராகப் பம்மலுக்குப் போனேன். ஷெட்டில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாள், காஜா பாய் பக்கத்தில் நின்று, அண்ணி நீங்க ஏன் பேஜாராவுறீங்க, நான் கீறேன் இல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் வாங்க சார் என்றார். சரி, சார்தானே.

கேஜை மாட்டிச் சூடான எஞ்சினை ஒரே ஒரு நிமிடம் ஓட்டினோம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது ஒரு பார் பிரஷராவது காட்ட வேண்டிய முள் 0.3-இல் படுத்துக்கிடந்தது. சென்சார் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, பழையதும் சரி, புதியதும் சரி. காஜா பாய் கேஜைப் பார்க்கவே இல்லை, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மேல டிக் டிக்னா ஆயில் ஏறல, கீழ டொக் டொக்னா பேரிங்குக்கே பசி, இன்னா ஆயில் சார் ஊத்துனீங்க என்று கேட்டார். சொன்னேன். அவர் பானெட்டின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, இங்க அண்ணா ஒட்டுனது எங்க சார் என்றார். பழசு, தானா பிஞ்சி வுழுந்துடுச்சு என்றேன். பிளேடு கீறல் அங்கே அப்படியே தெரிகிறது, அவர் கண்ணில் படாமலா இருக்கும், ஆனால் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள், அவர் மேலே கேட்கவில்லை.

பிறகு அவர் சொன்ன கதை உனக்கும் தெரியாமல் இருக்கலாம், அப்போது நீ ஸ்கூல் பையன். வண்டி தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாண்டினபோது இதேபோல் ஐடிலில் விளக்கு மினுக்கியதாம். உன் அப்பாவும் அவரும் மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்களாம். கடைசியில்தான், எஞ்சின் உள்ளே தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது, மெல்லிய ஆயில் சூடானால் அங்கே நிற்காமல் ஒழுகிவிடுகிறது, கெட்டி ஆயில் ஊற்றினால் இன்னும் பல வருடம் தாங்கும் என்று கண்டுபிடித்து அந்த ஸ்டிக்கரை எழுதினாராம். நான் தேடிய பதில் என் கண் முன்னாலேயே ஒட்டியிருந்தது. அவர் எனக்குத்தான் எழுதி வைத்திருக்கிறார், நான் நினைத்த அர்த்தத்தில் இல்லை.

கெட்டி ஆயில் மாற்றினோம், ஐடிலில் ஒரு பார் வந்தது, விளக்கு அணைந்தது, மேல் சத்தம் போய்விட்டது. கீழ் சத்தம் போகவில்லை. அடியைக் கழற்றிப் பார்த்ததில் இரண்டு பேரிங்கில் மேல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. ஏற்கெனவே தேய்ந்திருந்ததை நான் முடித்துவைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது வேண்டாம். இவ்வளவு ஆன பிறகு நேற்றுக் காலை பிளேடு விஷயத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். நறுக்கிக்கொண்டிருந்த கொத்தவரங்காயைத் தள்ளி வைத்துவிட்டு, என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது, அவன்கிட்ட சொல்லுங்க என்றாள். இதுவரை என்னிடம் நேராகப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் மூடி வைக்கிறாள்.

இப்போது நீ சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் இனிமே வண்டில கை வைக்கக் கூடாது என்று நீ காஜா பாயிடம் என்னைப் பற்றிச் சொன்னது எனக்கும் வந்து சேர்ந்தது. காஜா பாய் உன் பேச்சைத் தட்டமாட்டார். தினமும் வேலை முடித்துப் பம்மல் போகிறேன், டீ கொடுக்கிறார், ஸ்பேனர் கொடுப்பதில்லை, தம்பி சொல்லட்டும் சார் என்கிறார். எனக்கு அந்த மனுஷன்மேல் வருகிற பொறாமைக்கு அளவே இல்லை, நீ ஒரு வார்த்தை சொன்னால் ஒருத்தர் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றால் அந்த வார்த்தை எனக்குக் கிடைத்ததே இல்லையே. ஆனால் விஷயம் இது, புது பேரிங் போடுவதற்கு முன் அதற்குள் சுழல்கிற கிராங்க் தண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும், அது காதால் கேட்டுச் சொல்கிற வேலை இல்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினாலும் ஆறு மாதத்தில் மறுபடி டொக் டொக் வரும். அளப்பது எனக்குத் தெரியும், அது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். அளந்து எழுதிக் கொடுக்கிறேன், பிரிப்பதும் மாட்டுவதும் காஜா பாய் செய்யட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், நீ பொங்கலுக்கு வரும்வரை வண்டி தார்ப்பாய் போட்டு அங்கேயே நிற்கும், நான் தொடமாட்டேன்.

உன் பைக்குக்கும் ஒரு வார்த்தை. அங்கே புழுதி அதிகம், ஆயிலை நாள் தள்ளாமல் மாற்று, எது ஊற்றுகிறாய் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார். ஆசீர்வாதம் பண்ண எனக்கு வயது போதாது, உன் அம்மா தன் ஆசீர்வாதத்தைப் பொடியோடு கட்டியிருக்கிறாள், அதை வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

கடைசியாக, கவருக்குள் ஒரு வெற்று ஸ்டிக்கர் இருக்கிறது, தொலைத்துவிடாதே. எங்கள் லேப் ஸ்டிக்கர், சூட்டுக்கும் ஆயிலுக்கும் உரியாது. வழக்கமாக அதில் நான்தான் எழுதி, நான்தான் கையெழுத்துப் போடுவேன். இதில் உன் கையால் உன் அப்பா எழுதியதை எழுது. ஊற்றாதே என்பதையும் விடாமல் எழுது. கார் விஷயத்தில் நீ என்ன முடிவு செய்தாலும் சரி, இதை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பு. எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
குமரேசன்