ரயில் குட்டி போடுமா?

என் அருமை மாப்பிள்ளை கருப்பசாமிக்கு,

இதனால் சகலருக்கும், குறிப்பாக மேலே போய்விட்ட உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நம் மூன்றாவது பெஞ்சின் ஆட்டம் நின்றுவிட்டது. அடியில் என் கணக்கு நோட்டை மடித்து வைத்தேன். எப்போதும் என் காலை வாரும் கணக்கு, பெஞ்சுக்குக் கால் கொடுத்தது.

அடுத்த செய்தி, அறிவியல் கண்காட்சியில் நம் ரயில் பூச்சிக்கு முதல் பரிசு. அட்டையில் தலைப்பு 'மரவட்டை' என்றுதான் எழுத வேண்டும் என்றார் சார். எழுதினேன். அதற்குக் கீழே வகைப் பெயர்களும், வாயால் விளக்கியதும் ரயில்வேதான்.

"பூரானை எங்கலே காணோம்?" என்று கேட்டார்.

"அது நம்ம ரயில்வே இல்ல சார். அதுக்கு உடம்புல பெட்டிக்கு ஒரு ஜோடி காலு. நம்மதுக்கு ரெண்டு."

மழை பெய்து, செருப்பில் கரிசல் மண் அப்ப அப்ப நாம் பிடித்தவைதான் எல்லாம். உருண்டு நீண்ட கறுப்பன் எக்ஸ்பிரஸ். ஓரம் பிதுங்கிய தட்டை முதுகு கூட்ஸ். குற்றாலத்தில் பிடித்தது, தொட்டால் கோலிக்குண்டாகச் சுருளுமே, அது ஷண்டிங். வெளிறிப்போன குட்டையன் பாசஞ்சர். ஆக நான்கு வகை. அந்த நான்காவதில்தானே நமக்குச் சண்டை?

"ஏலே, பாசஞ்சரு தனி வகை இல்லலே. எக்ஸ்பிரஸோட குட்டி. வளர வளர பெட்டி கூடும்" என்றாய்.

"ரயிலு எங்கனலே குட்டி போடும்? மணியாச்சி ஜங்ஷன்லயா?" என்றேன். வகுப்பே சிரித்தது. நீ பாசஞ்சரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, 'பெட்டி 38' என்று எழுதி ஒட்டினாய். அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடம் வரவே இல்லை.

பாட்டிலை நான்தான் வைத்திருக்கிறேன். மண்ணும் சருகும் போடுகிறேன்.

இனிமேல் என் பெருமை தடம் புரள்கிறது, மாப்ள. கண்காட்சிக்கு முன்பு பாசஞ்சர் மண்ணுக்குள் போய் இரண்டு வாரம் காணவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கண்காட்சிக்கு முந்தின நாள் சட்டையுரித்து வெளியே வந்தது. எண்ணினேன். நாற்பத்தொரு பெட்டி, மூன்று கூடுதல். மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

தெரிந்தேதான் மறுநாள் 'நான்கு வகை' என்று முழங்கிப் பரிசு வாங்கினேன். நீ இல்லாதபோதுகூட உன்னிடம் தோற்க வெட்கமாக இருந்தது. ஏன்லே அப்படி?

திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடுவேன். அட்டையில் பாசஞ்சரை அடித்துவிட்டு, எக்ஸ்பிரஸுக்குக் கீழே 'இதன் குட்டி. கண்டுபிடித்தவன் கருப்பசாமி' என்று எழுதுவேன். வகுப்பு என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

தோற்றுப்போன உன் அத்தை மகன்,
மாடசாமி