நாற்பத்தொன்றாம் படம்

தம்பிக்கு அப்பா எழுதுவது.

நீ கையெழுத்துப் போட்டது தப்பு. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் அக்கா வீட்டுக்காரர் இனி எப்போது வேண்டுமானாலும் கேசினோவுக்குள் நுழையலாம் என்று, என்னையும் கேட்காமல், உன் அக்காவையும் கேட்காமல், கைப்பேசியில் விரலால் கிறுக்கிக் கொடுத்திருக்கிறாய். தெரியாமல் செய்தாய் என்றே நம்ப ஆசைப்படுகிறேன். ஆனாலும் தப்பு தப்புதான்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் கேசினோ வாசலில் என் மேசையில் இருக்கும் தடை ஆல்பத்தைப் புரட்டினேன். ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று தாங்களே எழுதிக் கொடுத்தவர்களின் படங்கள் அதில் இருக்கும். இப்போது கேமராவே முகத்தைப் பிடித்துவிடும் என்கிறார்கள். தாடி வைத்தால் கேமரா ஏமாறும், நான் ஏமாற மாட்டேன். பதினெட்டு வருடமாக அந்த முகங்களை மனப்பாடம் செய்தவன். அன்று பதினோரு இடங்கள் காலி. நாற்பத்தொன்றாம் இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அது மாப்பிள்ளையின் இடம்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். “பெரியவரே, அவங்களே எழுதிக் கேட்டாங்க, எடுத்தோம். சொந்தக்காரங்க சம்மதமும் இருக்கு” என்றார். யார் சம்மதம் என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினார். பள்ளிக்கூட மார்க் அட்டையில் என் கையெழுத்தை நீயே போட்டு மாட்டிக்கொண்டாயே, அதே கோணல். “உங்க பையன்தானே? நம்ம கம்பெனி ஆளுதானே? அப்புறம் என்ன?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் போனில், “அத்தானோட வேலை பாக்கறவருக்கு அங்க விருந்தும்மா. சாப்பாட்டு ஹாலுக்குப் போகத்தான் கையெழுத்து” என்றாயாம், அக்கா சொன்னாள். சாப்பாட்டு ஹால் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது, அது சரி. ஆனால் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒரு நாள் அனுமதி ஒன்று, தடையை அடியோடு நீக்குவது மற்றொன்று. உனக்கு அனுப்பும்போதே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். விதிப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே படித்தவன். நீ பட்டம் வாங்கியவன், ஒரு பக்கத்தைத் திருப்பவில்லை.

அவர்களுக்கு என்ன அவசரம் என்று கேள். உரிமம் புதுப்பிக்கும் மாதம் இது. தடையில் இருப்பவர்கள் உள்ளே ஆடிக்கொண்டிருந்ததை சூதாட்ட ஆணையத்து ஆட்கள் போன வருடம் பதினான்கு முறை பிடித்தார்கள். மறுபடி பிடிபட்டால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். வாசலைக் காப்பதை விட ஆல்பத்தைக் காலி செய்வது சுலபம். கூரை ஒழுகுகிறது என்றால் கீழே வைத்த பாத்திரத்தை எடுத்து ஒளிக்கிற புத்தி.

நான் சும்மா இருக்கவில்லை. அக்காவின் கல்யாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையின் முகத்தை வெட்டி, செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் ஒட்டினேன். உன் அக்காவின் தோள் கொஞ்சம் சேர்ந்து வந்துவிட்டது. உன் அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. மேலாளர் அதைக் கிழித்துவிட்டு, “சட்டப்புத்தகத்துக்கு வெளிக்காத்து நல்லது” என்று என்னை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்.

வியாழக்கிழமை மதியம் மாப்பிள்ளை அங்கே வந்து வண்டியை நிறுத்தினார். இஸ்திரி போட்ட சட்டை. “மாமா, உங்கள இங்கயா போட்டுட்டாங்க?” என்று வருத்தமாகக் கேட்டு, ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். உள்ளே போகாதீங்க மாப்பிள்ளை என்றேன். “சாப்பாடுதான் மாமா” என்றார். அன்று விருந்து எதுவும் இல்லை. விருந்து போன வாரமே முடிந்துவிட்டது. நான்கு மணி நேரம் கழித்து வந்தவர் என்னைத் தாண்டி நடந்து, வண்டியை எடுத்துக்கொண்டு வெறும் தலையோடு போனார். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. ஹெல்மெட் இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் இன்னும் அதைத் தேடவில்லை.

வீட்டில் எல்லோரிடமும் மிக நன்றாக நடந்துகொள்கிறார் என்று அக்கா சொல்கிறாள். பாத்திரம் கழுவித் தருகிறாராம். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான், ஒரு வாரம் தங்கமான மனிதராக இருந்தார். பிறகு அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கட்டடத்தின் உச்சியில், இயந்திர அறையில் அவரை என்ன நிலையில் கண்டேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கம்பிக் கயிற்றிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மறுநாள் அவரே என்னோடு வந்து தடைப் படிவத்தை எழுதினார். நீதான் சாட்சி. ஐந்து வருடம் என்று எழுதும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது, நினைவிருக்கிறதா?

உன் வேலை அந்தக் கம்பெனி கொடுத்தது. அதற்காக மேலாளர் அறைக்கு வெளியே கைகட்டி நின்றவன் நான். சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அங்கே உனக்கு என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

விதி இதுதான். சம்மதம் கொடுத்தவர் முப்பது நாளுக்குள் அதைத் திரும்பப் பெறலாம். திரும்பப் பெறும் கடிதத்தின் மூலப்பிரதி ஆணையத்தின் கையில் சேர வேண்டும். இன்று பத்தொன்பதாம் நாள்.

நீ: இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நோட்டரி முன் உட்கார்ந்து, விரலால் அல்ல, மையால் கையெழுத்துப் போடு. எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போடு. அன்றே கூரியரில் அனுப்பு. இங்கே வந்து சேர ஐந்து நாள் ஆகும். உன் மேலதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லாதே.

உன் அக்கா: இயந்திர அறைச் சாவியை மாப்பிள்ளையின் முதலாளியிடம் ஒப்படைத்து, அவருக்குக் கீழ்த்தளத்து வேலை கேட்க வேண்டும். ஏன் என்பதை நாளை நானே அவளிடம் சொல்கிறேன். இத்தனை நாள் மறைத்தது என் தப்பு.

உன் அம்மா: மறுபடி என்னோடு பேச வேண்டும். நான் வேலையில் நிற்கும் நேரத்தில் மாப்பிள்ளை மேல் கண் வைக்க வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

நான்: ஆணையத்தின் உரிம விசாரணைக்குப் போவேன். காலியான பதினோரு முகங்களையும் வாயால் வரிசையாகச் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

மாப்பிள்ளை: அவர் செய்ய ஒன்றுமில்லை. தாள் கிழிய எழுதிய அன்றே தன் பங்கைச் செய்துவிட்டார். மிச்சம் நம்முடையது.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவரும் இருக்க வேண்டும்.

அப்பா